டீசலைக் கூட்டினால் புகை, காற்றைக் கூட்டினால்?

சோழபுரத்துப் பிள்ளைகளே, இன்றைக்கு லாரியைப் படிக்கக் கற்றுக்கொள்வோம். நம்பர் பிளேட்டை விடுங்கள். பழைய டாடா லாரியின் முகப்பில் நான்கு இலக்கத்தில் ஓர் எண் இருக்கும். 1613 என்று இருந்தால், முதல் இரண்டு இலக்கம் வண்டியும் சுமையும் சேர்ந்த எடை: 16 டன். பின் இரண்டு இலக்கத்தோடு ஒரு சைபரைச் சேர்த்தால் என்ஜினின் பலம்: 130 குதிரைத்திறன். 2515 என்றால் 25 டன், 150 குதிரைத்திறன். அதற்குப் பக்கத்தில் 'டி.சி.' என்று இரண்டு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த வண்டியில் டர்போசார்ஜர் இருக்கிறது; அது என்ன என்று பிறகு பார்ப்போம்.

ஆர்.ஆர். நகர் சிமென்ட், சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி, ராஜபாளையத்து மில்களின் நூல் எல்லாம் பல வருடம் இந்த மாதிரி லாரிகளில்தான் போயின. பெரும்பாலானவற்றின் பானெட்டுக்குள் இருந்தது ஒரே குடும்பத்து என்ஜின். ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர். பட்டறையில் 'ஸ்ட்ரெய்ட் சிக்ஸ்' என்றோ சும்மா 'ஆறு சிலிண்டர்' என்றோ சொல்வார்கள்.

இந்த என்ஜின் எங்கிருந்து வந்தது? 1954-ல் ஜாம்ஷெட்பூரின் டெல்கோ நிறுவனம், ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு சேர்ந்து லாரி செய்ய ஆரம்பித்தது. 1969 வரைக்கும் அந்த லாரிகளின் முகத்தில் மெர்சிடஸ் நட்சத்திரம் இருந்தது. கூடவே வந்த என்ஜினின் பெயர் ஓ.எம்.312. அதன் சிலிண்டரின் குறுக்களவு, அதாவது போர், 90 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலிருந்து கீழே இறங்கும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 120 மில்லிமீட்டர். பலம் 90 குதிரைத்திறன்.

பிறகு டாடா அதே வழியில் 692 என்று ஒரு என்ஜினும், அதன்பின் 697 என்று ஒன்றும் செய்தது. இந்த எண்களையும் படிக்கலாம்: 6 என்பது சிலிண்டர்கள், 97 என்பது போர். 697-ன் ஸ்ட்ரோக் 128 மில்லிமீட்டர். ஏழாம் வகுப்புக் கணக்கு போதும், போட்டுப் பாருங்கள். ஆரம் 4.85 செ.மீ.; அதை அதாலேயே பெருக்கி, 3.14-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 73.9 சதுர செ.மீ. உயரம் 12.8-ஆல் பெருக்கினால் 946 கன செ.மீ. ஆறு சிலிண்டருக்கு ஏறக்குறைய 5675. கம்பெனியின் காகிதத்தில் போட்டிருக்கும் 5675 சி.சி. இதுதான்.

நம் மெட்ராஸிலும் ஓர் ஆறு சிலிண்டர் கதை உண்டு. 1840-ல் தொடங்கி, ஒரு காலத்தில் குதிரை வண்டிகள் செய்த சிம்ப்சன் கம்பெனி, 1950-களில் இங்கிலாந்தின் பெர்கின்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து பி6 என்ற டீசல் என்ஜினைச் செய்தது. 4.73 லிட்டர், ஆறு சிலிண்டர். அந்தக் காலத்து லாரிகள் பல பெட்ரோலில் ஓடியவை. டீசல் மலிவு என்பதால் பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு, அந்த இடத்தில் பி6-ஐ ஏற்றுவது ஒரு தொழிலாகவே நடந்தது. பழைய வண்டிக்குப் புது இதயம் என்றெல்லாம் விளம்பரக்காரர்கள் போல நான் பேசமாட்டேன். செலவுக் கணக்குதான் காரணம்.

சரி, ஏன் ஆறு? ஏன் ஒரே வரிசை?

நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும், கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு, இரண்டு சுற்று சுற்றும்போது ஒரு தடவைதான் வெடிக்கும். ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்க என்ஜின் மட்டும் ஓடும்போது, கிராங்க் நிமிடத்துக்கு 600 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு சிலிண்டர் என்றால் நொடிக்கு 20 வெடிப்பு. ஆறு சிலிண்டர் என்றால் 30. அதனால்தான் நான்கு சிலிண்டர் வண்டி நிற்கும்போது 'தடதட' என்று தனித்தனியாகக் கேட்கிறது. ஆறு சிலிண்டர் ஒரே 'உர்ர்ர்' என்று இழுக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டே சொல்லிவிடும் கிளீனர்கள் உண்டு.

வெடிக்கும் வரிசையும் வேடிக்கையானது. 1, 5, 3, 6, 2, 4. எந்த மெக்கானிக்கைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வார். ஆறு பேர் வரிசையாக உட்கார்ந்து, இந்த வரிசையில் கை தட்டிப் பாருங்கள். அடுத்தடுத்து உட்கார்ந்த இரண்டு பேர் ஒருத்தர் பின் ஒருத்தராகத் தட்டவே மாட்டார்கள். ஒரே மூலையில் அடி விழாமல் கிராங்கின் நீளம் முழுக்கப் பரவி விழுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: 1-ம் 6-ம் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். 2-ம் 5-ம் அப்படி. 3-ம் 4-ம் அப்படி. மூன்று ஜோடி. வட்டத்தை மூன்றாகப் பங்கிட்டால் 120 டிகிரி. ஜோடிகளுக்கு இடையே உள்ள கோணம் அதுதான்.

இனி வருவது கொஞ்சம் நுணுக்கம். காகிதமும் காம்பஸும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வட்டம் வரைந்து அதைக் கிராங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டத்தின் மேல் ஒரு புள்ளியிலிருந்து, நேர் மேலே உள்ள பிஸ்டனுக்கு ஒரு கோடு. அது கனெக்டிங் ராடு. அதன் நீளம் மாறக்கூடாது. புள்ளி உச்சியில் இருக்கும்போது பிஸ்டனும் உச்சியில். வட்டத்தில் கால் சுற்று நகர்த்துங்கள். பிஸ்டன் சரிபாதி தூரம் இறங்கியிருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? அளந்து பார்த்தால் பாதிக்கும் மேலேயே இறங்கியிருக்கும், ஏனென்றால் ராடு சாய்ந்துவிட்டது.

நான்கு சிலிண்டரில் இது தொல்லை. இரண்டு பிஸ்டன் உச்சியில், இரண்டு அடியில் இருக்கும்போது நான்கின் சராசரி உயரம் நடுமத்தியில் இருக்கிறது. கால் சுற்றுக்குப் பிறகு நான்குமே நடுவுக்குக் கொஞ்சம் கீழே ஒன்றாக நிற்கின்றன. அடுத்த கால் சுற்றில் சராசரி மறுபடி நடுவுக்கு வருகிறது. ஆக, ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை, பிஸ்டன்களின் மொத்த எடையும் மேலே கீழே குதிக்கிறது. அந்தக் குதிப்புதான் ஸ்டீயரிங்கிலும் கியர் கம்பியிலும் வந்து நடுங்குகிறது. ஆறு சிலிண்டரில் மூன்று ஜோடிகளின் உயரங்களையும் கூட்டிச் சராசரி எடுங்கள். கிராங்கை எந்தக் கோணத்துக்குத் திருப்பினாலும் கிட்டத்தட்ட அதே எண்தான் வரும். ஒரு ஜோடி அதிகம் இறங்கியதை மற்ற இரண்டும் ஈடுகட்டிவிடுகின்றன. தனியாக எதிர் எடையோ பாலன்ஸ் ஷாஃப்டோ வைக்காமலே என்ஜின் அமைதியாகச் சுற்றுகிறது. பொறியியலில் எனக்கு மிகப் பிடித்த கணக்குகளில் இது ஒன்று.

அமைதியான அமைப்புதான், இனி பலத்தைப் பார்ப்போம். 697-ன் 130 குதிரைத்திறனைக் கூட்ட வேண்டும் என்றால் என்ன செய்யலாம்?

'டீசலை இன்னும் கொஞ்சம் விட்டால் போச்சு' என்று உடனே தோன்றும். ஃப்யூல் பம்பில் அதற்கென்றே ஒரு ஸ்க்ரூ உண்டு, சீல் வைத்திருப்பார்கள். அந்தச் சீலை உடைத்துத் திருகுகிற ஆட்களும் உண்டு. விளைவை நீங்களே ரோட்டில் பார்த்திருப்பீர்கள்: வண்டி ஏற்றத்தில் முக்கும்போது பின்னால் கரிக்குழம்பாக ஒரு புகை. அந்தக் கறுப்பு வேறெதுவும் இல்லை, பாதி எரிந்த டீசலின் கரி. காசு கொடுத்து வாங்கிய டீசல் நம் மூக்குக்குள் போகிறது. இது எனக்குக் கொஞ்சம் கோபம் வருகிற விஷயம்.

ஏன் எரியவில்லை? ஒரு கிலோ டீசல் முழுக்க எரியக் குறைந்தது 14.5 கிலோ காற்று வேண்டும். சிலிண்டருக்குள் டீசல் கண்மூடித் திறப்பதற்குள் கலந்து எரிய வேண்டியிருப்பதால், நடைமுறையில் 20 கிலோ அளவுக்குக் காற்று இருந்தால்தான் புகை வராது. அப்படியென்றால் என்ஜின் எவ்வளவு காற்றை இழுக்கிறது என்று தெரிந்தால், எவ்வளவு பலம் தரும் என்று சொல்லிவிடலாமே? சொல்லலாம். போடுவோம்.

என்ஜின் நிமிடத்துக்கு 2400 சுற்று சுற்றட்டும். இரண்டு சுற்றுக்கு ஒரு முறை 5.675 லிட்டர் இழுக்கிறது. 1200 தடவை என்றால் 6810 லிட்டர். உங்கள் வீட்டு மொட்டைமாடியில் 1000 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் இருக்கிறதல்லவா, அதைப்போல ஏழு டேங்க் காற்று ஒரு நிமிடத்தில்! ஆனால் வால்வு வழியாக இடிபட்டு வருவதால் முழுக்க நிறையாது. நூற்றுக்கு 85 பங்கு நிறையும். 5790 லிட்டர். நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் காற்று 1.16 கிராம். ஆக 6.7 கிலோ. காற்றுக்கு எடை உண்டா என்று கேட்கிற தம்பி, தங்கைகளே, ஒரு நிமிடத்தில் ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு!

அதை 20-ஆல் வகுத்தால் 335 கிராம் டீசல். ஒரு கிலோ டீசலில் 43 மெகாஜூல் சக்தி. எனவே நிமிடத்துக்கு 14.4 மெகாஜூல். நல்ல டீசல் என்ஜின் இதில் நூற்றுக்கு 40 பங்கை கிராங்குக்குக் கொண்டுவரும். மீதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் சூடாகப் போய்விடும். 40 பங்கு என்றால் 5.76 மெகாஜூல், 60 நொடியால் வகுத்தால் 96 கிலோவாட். ஒரு குதிரைத்திறன் 735 வாட். வகுத்துப் பாருங்கள், 130 வருகிறது.

லாரி முகத்தில் எழுதியிருந்த அதே 13! என்ஜினைத் திறக்காமலே, காற்றை எடைபோட்டுக் கண்டுபிடித்துவிட்டோம்.

ஆகவே கூட்ட வேண்டியது காற்றை. அதற்கு மூன்று வழி. சிலிண்டரைப் பெரிதாக்கலாம், 90-லிருந்து 92, 92-லிருந்து 97 என்று போனது அந்த வழிதான். ஆனால் சிலிண்டர்களுக்கு நடுவே சுவர் மெலிந்துகொண்டே வரும், ஓர் எல்லைக்கு மேல் முடியாது. வேகமாகச் சுற்றவைக்கலாம். 2400 சுற்றிலேயே பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 10 மீட்டர் ஓடுகிறது. கனமான டீசல் பிஸ்டனை அதற்கு மேல் ரொம்ப விரட்டினால் ராடும் போல்ட்டும் தாங்காது. மூன்றாவது வழி, காற்றை வெளியிலேயே அமுக்கி உள்ளே திணிப்பது.

இதற்கு ஒரு வழி கண்டு 1905-லேயே காப்புரிமை வாங்கியவர் ஆல்ஃபிரட் பூக்கி என்ற சுவிட்சர்லாந்துக்காரர். வீணாகப் போகிற புகையின் வேகத்தில் ஒரு சிறு சக்கரத்தைச் சுற்றவிடு; அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தை வைத்துக் காற்றை அமுக்கு. இதுதான் டர்போசார்ஜர். கையகலச் சக்கரம், நிமிடத்துக்கு லட்சம் சுற்றைத் தொடும். ஒரு பக்கம் 600 டிகிரிக்கும் மேல் சூடான புகை, மறு பக்கம் வெளிக்காற்று, நடுவில் எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் அச்சு. சென்னைக்குத் தெற்கே பையனூரில் இதைச் செய்கிற தொழிற்சாலை இருக்கிறது. டர்போ வண்டி ஓட்டுகிற அனுபவசாலி டிரைவர், ஏற்றம் ஏறி வந்து நிறுத்தியதும் சாவியைத் திருப்பிவிட மாட்டார். ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டுத்தான் அணைப்பார். என்ஜின் நின்றால் எண்ணெய் நின்றுவிடும். அந்தச் சூட்டில் எண்ணெய் இல்லாத அச்சு கருகிவிடும்.

காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு அமுக்குகிறோம் என்று வையுங்கள். இரண்டு மடங்கு காற்று உள்ளே போகுமா? போகாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடும், தொட்டிருப்பீர்கள். அமுக்கினால் காற்று சூடாகும். 30 டிகிரியில் உள்ளே போன காற்று 118 டிகிரியில் வெளியே வரும். சூடானது விரியும். ஆகவே இரண்டு மடங்குக்குப் பதிலாக ஒன்றரை மடங்குச் சொச்சம்தான் கிடைக்கும். அதனால் ரேடியேட்டருக்கு முன்னால் இன்னொரு ரேடியேட்டர் மாதிரி ஒன்றை வைத்து, அமுக்கிய காற்றை 60 டிகிரிக்கு ஆற்றுகிறார்கள். அது இன்டர்கூலர். இப்போது 1.8 மடங்கு கிடைக்கும். வண்டியில் 'டி.சி.ஐ.சி.' என்று நான்கு எழுத்து இருந்தால் டர்போவோடு இன்டர்கூலரும் உண்டு என்று பொருள்.

மலைப்பாதையில் இதன் அருமை தெரியும். கொடைக்கானல் 2100 மீட்டர் உயரம். அங்கே காற்று நம் ஊரைவிட ஐந்தில் ஒரு பங்கு லேசு. டர்போ இல்லாத பஸ் அங்கே ஏறி முடிக்கும்போது பலத்திலும் ஐந்தில் ஒரு பங்கை இழந்திருக்கும். டர்போ இருந்தால், மெலிந்த காற்றையும் அமுக்கித் தந்து பெரும்பகுதியை மீட்டுவிடும்.

இப்போது ஒரு கேள்வி வர வேண்டுமே. 130-ஐ 1.8-ஆல் பெருக்கினால் 234. ஏன் டர்போ இருந்த 2515-ல் 150-ஓடு நிறுத்தினார்கள்?

அடி தாங்க வேண்டும், அதனால். வெடிக்கும் நொடியில் சிலிண்டருக்குள் 100 பார் அழுத்தம் இருந்தால் ஒரு சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 100 கிலோ பாரம். பிஸ்டன் தலை 74 சதுர செ.மீ. ஆக 7.4 டன். ஒரு பிஸ்டன் மேல், நொடிக்கு 20 தடவை! காற்றைத் திணித்து அழுத்தம் 130 பார் ஆனால் அதுவே 9.6 டன். மேலே சிலிண்டர் ஹெட்டைத் தூக்கப் பார்க்கும். ஹெட் கேஸ்கெட் கிழியும். கீழே பிக் எண்ட் பேரிங்கைத் தட்டையாக்கப் பார்க்கும். பிஸ்டன் தலை உருகப் பார்க்கும். அதனால் பிஸ்டனின் அடியில் எண்ணெயைப் பீய்ச்சி அடிக்க ஒரு சிறு குழாய் வைப்பார்கள். ரேடியேட்டரைப் பெரிதாக்குவார்கள். பிறகு கிளட்ச், கியர்பாக்ஸ், ஆக்சில் என்று ஒன்றன்பின் ஒன்றாக மாற்ற வேண்டும். லாரி என்ஜின் ஒரு நாள் கூத்துக்கு இல்லை, ரீபோர் இல்லாமல் சில லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டும்.

ஆறு சிலிண்டருக்கென்றே ஒரு பலவீனமும் உண்டு. கிராங்க் நீளம். முன்முனையில் அடி விழும்போது பின்முனை திரும்புவதற்குள் நடுவில் அது கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், பிறகு விடுபடும். இந்த முறுக்கல் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் தாளம் சேர்ந்துவிட்டால் இரும்புக் கிராங்கே இரண்டாகும். முன்புறப் புல்லியோடு கனமாக ஒரு டேம்பர் பொருத்தியிருப்பது அதை அடக்கத்தான்.

ஒரு பழைய ஆறு சிலிண்டரை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் நல்ல உதாரணம் இருக்கிறது. 1960-ல் அங்கே ஃபோர்டு ஃபால்கன் கார் வந்தது. பெட்ரோல் என்ஜின், வரிசையாக ஆறு சிலிண்டர், 2.4 லிட்டர், 90 குதிரைத்திறன். ஆமாம், நம் ஓ.எம்.312 தந்த அதே 90! அதன் கிராங்கைத் தாங்கியவை நான்கே மெயின் பேரிங். போகப்போக அதை ஏழாக்கினார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரு பக்கமும் ஒரு பேரிங். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டைச் சிலிண்டர் தலைக்கு மேலே கொண்டுபோனார்கள். 2002-ல் 'பாரா' என்ற பெயரில் 4 லிட்டராக வந்தபோது சிலிண்டருக்கு நான்கு வால்வு, டர்போவும் சேர்ந்தது. 2016-ல் அந்தக் கார் தொழிற்சாலையை மூடுகிற வருடம் கடைசியாக விட்ட மாடல் ஒன்றில் அதன் பலம் ஏறக்குறைய 435 குதிரைத்திறன். ரோட்டில் ஓட்ட அனுமதி உள்ள கார் அது, பந்தய வண்டி அல்ல. பேரிங் முதலில், கேம் ஷாஃப்ட் பிறகு, வால்வும் டர்போவும் அதற்கும் பிறகு என்ற அந்த வரிசையைப் பாருங்கள். நம்மவர்கள் சிலர் தலைகீழாக, டர்போவை முதலில் வாங்கிவந்து மாட்டப் பார்ப்பார்கள்.

'அப்போ எங்க வீட்டுப் பழைய வண்டிக்கு டர்போ வைக்கலாமா?' என்று கேட்பீர்கள். சும்மா வைத்துவிட முடியாது. 1988-ம் வருடத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. என்ஜினையே மாற்றுவதென்றால் அனுமதி வாங்கி, ஆர்.சி.யிலும் பதிய வேண்டும். அளவில்லாமல் பலம் ஏற்றிப் பார்க்க வேறு இடம் இருக்கிறது: பந்தயத் தடம். 2014-ல் டெல்லிக்குப் பக்கத்தில் 'புத்' என்ற பந்தயத் தடத்தில் டாடா பிரைமா லாரிகள் பந்தயம் ஓடின. 2017-ல் அங்கே கொண்டுவந்த ஒரு பந்தய லாரியின் பலம் 1000 குதிரைத்திறன். ஏறக்குறைய 12 லிட்டர் கம்மின்ஸ் என்ஜின். சிலிண்டர் எத்தனை? ஆறுதான், ஒரே வரிசையில்.

அவ்வளவு பலத்தை நிறுத்துவது பெரும்பாடு. ஐரோப்பியப் பந்தய லாரிகள் ஐந்து டன்னுக்கு மேல் எடை. மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று விதியே உண்டு. பிரேக் டிஸ்க் பழுத்துவிடாமல் ஓடஓட அதன்மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள், அதற்கென்று லாரியிலேயே தண்ணீர்த் தொட்டி.

நம் லாரிகள் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு வழியாகக் கேரளத்துப் பக்கம் இறங்கும்போது தண்ணீர்த் தொட்டி கிடையாது. அங்கே டிரைவர் ஒரு பட்டனை மிதிப்பார். சைலன்சர் குழாயில் ஒரு தட்டு மூடிக்கொள்ளும், டீசல் நின்றுபோகும். ஆறு பிஸ்டனும் வெளியே போக வழியில்லாத காற்றை முட்டி முட்டித் தள்ளும்; அந்த எதிர்ப்பிலேயே வண்டியின் வேகம் அடங்கும். அதற்கு எக்ஸாஸ்ட் பிரேக் என்று பெயர். அப்போது என்ஜினில் ஒரு சொட்டு டீசல் எரிவதில்லை; சக்கரம்தான் என்ஜினைச் சுற்றுகிறது.